அமெரிக்க லா ஸ்கூல் விண்ணப்பத்தில் உங்கள் ஊர் எங்கே பேசுகிறது

“வயோமிங்கிலோ டகோட்டாவிலோ போட்டால் சீட் நிச்சயம். அங்கே கறுப்பர்களும் லத்தீனோக்களும் குறைவு, நம்மைத் தவறவிடமாட்டார்கள்.” அமெரிக்காவில் ஜே.டி. என்னும் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனை இது. இதை நம்பி, மூன்று ஆண்டு வாழப்போகும் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே பத்துப் பன்னிரண்டு விண்ணப்பங்களை அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும், விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் எல்சாக் (LSAC) அமைப்பின் அறிக்கைக் கட்டணம் மட்டுமே சுமார் 45 டாலர். ஊர் முக்கியம்தான். ஆனால் அது முக்கியமாவது இந்த வழியில் இல்லை.

முதலில் சட்ட நிலவரம். 2023 வரை, பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதே சிறுபான்மை விண்ணப்பதாரரின் கதியைப் பெரிதும் தீர்மானித்தது. 1996-இல் ஹாப்வுட் வழக்கில், டெக்சஸ் உள்ளிட்ட மாநிலங்களுக்கான ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் லா ஸ்கூலில் அந்த ஆண்டு 31 கறுப்பின மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு 4 பேர். இதேபோல் தடை வந்த கலிபோர்னியாவில் பெர்க்லி லா ஸ்கூல், அன்றைய பெயரில் போல்ட் ஹால், 1997-இல் 14 கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு இடம் கொடுத்தது. ஒருவர்கூட வரவில்லை. அந்த வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவர், முந்தைய ஆண்டே இடம் பெற்று ஓராண்டு தள்ளிப்போட்டவர்.

அந்த 14 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இடம் கிடைத்தவர்களே வேண்டாம் என்று வேறு இடம் போனார்கள். தனியாக உட்கார வேண்டிய வகுப்பறைக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. சேர்க்கைக் குழு எடுக்கும் முடிவு ஒன்று, மாணவர் எடுக்கும் முடிவு இன்னொன்று. இரண்டிலும் இடத்துக்குப் பங்கு உண்டு. முன்னதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பின்னதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கலிபோர்னியா, வாஷிங்டன், புளோரிடா, மிச்சிகன், நெப்ராஸ்கா, அரிசோனா, நியூ ஹாம்ப்ஷயர், ஓக்லஹோமா, ஐடஹோ ஆகிய ஒன்பது மாநிலங்கள், அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று ஏற்கெனவே தடை போட்டிருந்தன. நெப்ராஸ்காவில் அந்தத் தடை 2008-லேயே வந்துவிட்டது. “அங்கே நம்மைத் தவறவிடமாட்டார்கள்” என்ற கணக்கு அங்கே எப்போதோ செல்லாமல் போயிருந்தது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு தடை நாடு முழுமைக்குமானது, தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து. இனம் கேட்கும் கட்டம் படிவத்தில் இன்னும் இருக்கலாம். ஆனால் சேர்க்கை முடியும்வரை அந்தத் தகவல் தேர்வாளர் கண்ணில் படாமல் மறைத்துவைக்க எல்சாக் வசதி செய்திருக்கிறது. தீர்ப்புக்குப் பிந்தைய முதல் வகுப்பில், 2024 இலையுதிர் காலத்தில், ஹார்வர்ட் லா ஸ்கூலின் கறுப்பின முதலாண்டு மாணவர் எண்ணிக்கை 43-லிருந்து 19-ஆக விழுந்தது. ஸ்டான்போர்டில் 12-லிருந்து 23-ஆக ஏறியது. ஓராண்டு எண்ணை வைத்து “கிழக்கே கஷ்டம், மேற்கே சுலபம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் பள்ளிகள் இனத்துக்குப் பதிலாக ஊரைப் பார்க்கலாமே? அதிலும் இப்போது தயக்கம் இருக்கிறது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளி, சுற்றிலும் உள்ள எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் இடம் பிரித்துக் கொடுத்ததை நான்காவது வட்ட நீதிமன்றம் 2023-இல் ஏற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட பகுதிகளைக் குறிவைத்து ஆள் எடுப்பதும் இனத்துக்கு மாற்று வேடமாகலாம் என்று எச்சரித்தது. அதனால் “இந்த அஞ்சல் குறியீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை” என்று எந்தப் பள்ளியும் பலகை மாட்டாது. உங்கள் ஊர் உங்களை என்ன செய்தது என்பதை நீங்களே கோப்பில் வைத்தாக வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதைவிடப் பணம் விழுங்கும் விஷயம் ஒன்று முன்னால் இருக்கிறது.

ரெசிடென்சி. அதாவது, சட்டப்படி நீங்கள் எந்த மாநிலத்துக்காரர்?

அரசு லா ஸ்கூல்களில் மாநிலவாசிக்கு இரண்டு லாபம்: இடத்தில் முன்னுரிமை, கட்டணத்தில் குறைவு. ஆஸ்டினில் குறைந்தது 65 விழுக்காடு இடங்கள் டெக்சஸ்வாசிகளுக்கு. நியூ மெக்சிகோவில் இருக்கும் ஒரே லா ஸ்கூல் அந்த மாநிலத்து விண்ணப்பதாரர்களுக்கு வெளிப்படையாகவே முன்னுரிமை தருகிறது. அந்த மாநிலத்தில் பாதியளவு மக்கள் லத்தீனோக்கள், கணிசமானவர்கள் பூர்வகுடிகள். ஆகவே ஊர்க்கார முன்னுரிமை என்பதே அங்கே சிறுபான்மையினருக்குக் கைகொடுக்கிறது. அதே முன்னுரிமை, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஒரு வடக்கு மாநிலத்தில் வெளியூர்ச் சிறுபான்மை விண்ணப்பதாரருக்கு எதிராகத் திரும்பும். வயோமிங் யோசனை இடறுவது இங்கேதான். ஒரே ஒரு அரசு லா ஸ்கூல் இருக்கும் சிறு மாநிலத்துக்குத் தன் கிராமங்களில் வழக்கறிஞர் இல்லை என்பதுதான் கவலை. படித்து முடித்ததும் சிகாகோவுக்கு விமானம் ஏறப்போகிறவரை அவர்கள் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

பெரும்பாலான மாநிலங்கள் கேட்பது, சேர்வதற்கு முன் 12 மாதத் தொடர் வாசமும் அங்கேயே தங்கும் நோக்கமும். கலிபோர்னியாவில் 366 நாள் என்று எண்ணுவார்கள். படிப்பதற்காக மட்டுமே வந்து தங்கிய காலம் பெரும்பாலும் கணக்கில் சேராது. “முதல் ஆண்டு வெளியூர்க் கட்டணம் கட்டிவிட்டு இரண்டாம் ஆண்டு மாறிக்கொள்ளலாம்” என்று நினைத்துப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

இன்னொரு பொறி, வேறு மாநிலத்தில் இளங்கலை படித்தவர்களுக்கு. ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி ஓஹையோவில் நான்கு ஆண்டு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே ஓட்டுநர் உரிமம் மாற்றுகிறாள், வாக்காளராகப் பதிகிறாள், ஓராண்டு வேலை பார்த்து மாநில வரிக் கணக்கும் கொடுக்கிறாள். ஜார்ஜியாவில் லா ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போது அவள் ஜார்ஜியாக்காரியா என்று ரெசிடென்சி அலுவலகம் கேட்கும். ஓஹையோவும் அவளை மாணவியாகத்தானே இருந்தாய் என்று தள்ளிவிடலாம். இரண்டு மாநிலத்திலும் வெளியாள்! வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டிச் சொல்ல ஆளிருப்பதில்லை.

செய்ய வேண்டியது இது. வகுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 13 மாதம் முன்பே எந்த மாநிலம் என்று முடிவெடுங்கள். உரிமம், வாகனப் பதிவு, வாக்காளர் பதிவு, வாடகை ஒப்பந்தம், மாநில வருமான வரிக் கணக்கு, வங்கி முகவரி எல்லாம் அந்த ஒரே மாநிலத்தில் இருக்கட்டும். வேறு மாநிலத்தில் இருக்கும் பெற்றோர் தங்கள் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்டினால் கேள்வி வரும். அந்த ஆண்டு காட்ட வேண்டாம் என்று பேசி வையுங்கள். எல்சாக் கணக்கில் உள்ள நிரந்தர முகவரி இந்த ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். சேர்க்கை அலுவலகம் “மாநிலவாசி” என்று எழுதியதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் ரெசிடென்சியை முடிவு செய்வது தனி அலுவலகம். அதற்குத் தனிப் படிவம், தனிக் கெடு.

2026 ஜூலை 1 முதல் இது இன்னும் கூர்மையாகிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டரசுச் சட்டம், முதுநிலை, தொழிற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் என்ற கூட்டரசுக் கடனைப் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு நிறுத்திவிட்டது. லா போன்ற தொழிற்படிப்புக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியூர்க் கட்டணம் 52,000, வாழ்க்கைச் செலவு 24,000 என்றால் ஆண்டுக்கு 26,000 குறையும், மூன்றாண்டில் 78,000. அதே பள்ளியில் மாநிலவாசிக் கட்டணம் 30,000 என்றால் குறைவது ஆண்டுக்கு 4,000 மட்டும். முன்பு கிராட் பிளஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. இனி தனியார் வங்கிதான். வங்கி கடன் வரலாறு பார்க்கும், பிணை கையெழுத்துப் போட ஆள் கேட்கும். கையெழுத்துப் போடக்கூடிய உறவினர் இல்லாத குடும்பங்கள் எந்தச் சமூகங்களில் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுபான்மை விண்ணப்பதாரர்களின் வாய்ப்பை இனிமேல் இனத் தீர்ப்பைவிட இந்தக் கடன் வரம்புதான் அதிகம் வெட்டும் என்பது என் கணிப்பு.

அடுத்து, தூரம். டெக்சஸில் பத்து லா ஸ்கூல்கள் இருக்கின்றன. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள்: டாலஸ்–போர்ட் வொர்த், வேகோ, ஆஸ்டின், சான் அன்டோனியோ, ஹூஸ்டன், வடமேற்கே லபக். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒன்றுகூட இல்லை. எல் பாசோவிலும் இல்லை. மக்கள் பெரும்பாலும் லத்தீனோக்களாக இருக்கும் பகுதிகள் இவை இரண்டும். பிரவுன்ஸ்வில்லிலிருந்து மிக அருகில் உள்ள சான் அன்டோனியோவுக்கு சுமார் 440 கிலோமீட்டர். எல் பாசோக்காரருக்குத் தன் மாநிலப் பள்ளிகளைவிட நியூ மெக்சிகோவின் அல்புகர்கி பக்கம், ஆனால் அங்கே அவர் வெளிமாநிலத்தவர்.

டெக்சஸில் உயர்நிலைப் பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டில் வந்தவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் தரும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சரிசெய்யாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது இளங்கலைக்கு மட்டும். லா ஸ்கூலுக்குப் பல நூறு கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். அங்கே அப்படி ஒரு விழுக்காட்டு ஏணி போட முடியாது.

லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கும் தூரம் உண்டு. கொரோனாவுக்குப் பின் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே எழுதினார்கள். 2026 ஆகஸ்ட் தேர்விலிருந்து, மருத்துவக் காரணமோ மிகக் கடுமையான சிரமமோ இருப்பவர்கள் நீங்கலாக எல்லோரும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நவஹோ பூர்வகுடியினரின் நிலத்துக்குத் தலைநகரான விண்டோ ராக்கிலிருந்து அல்புகர்கிக்கு சுமார் 265 கிலோமீட்டர். காலைத் தேர்வு என்றால் முதல் நாள் இரவே போய்த் தங்க வேண்டும். அறை வாடகை, பெட்ரோல், ஒரு நாள் கூலி. அருகிலுள்ள மையங்களின் இருக்கைகள் முதலில் தீரும். பதிவு திறக்கும் வாரத்திலேயே இடம் பிடியுங்கள். தொலைவே சிரமம் என்றால் விலக்குக் கோரிக்கையை அதன் கெடுவுக்குள், ஆதாரத்தோடு அனுப்புங்கள். கட்டண விலக்கை எல்சாக்கில் எல்லாவற்றுக்கும் முன் கேளுங்கள்; பணம் கட்டிய பிறகு கேட்டால் கட்டியது திரும்பாது. விலக்குக் கிடைத்தவர்களுக்குப் பல பள்ளிகள் தங்கள் விண்ணப்பக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. எல்சாக்கின் விண்ணப்பதாரர் பரிந்துரைச் சேவையிலும் பெயரைப் பதிந்துவையுங்கள், அது இலவசம். பள்ளிகள் மதிப்பெண்ணையும் வசிப்பிடத்தையும் வைத்துத் தேடி அழைப்பு அனுப்புவது அதில்தான். ஆள் சேர்ப்பு அதிகாரி நேரில் எட்டிப்பார்க்காத ஊர்க்காரருக்கு அதுவே ஜன்னல்.

பூர்வகுடி மாணவர்களுக்கு அல்புகர்கியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கன் இந்தியன் லா சென்டர் 1967-லிருந்து நடத்திவரும் கோடைகால முன்பயிற்சி அது. முதலாண்டுப் பாடங்களை இரண்டு மாதம் அசல் வகுப்பு போலவே நடத்துகிறார்கள். ஹவாயில் உலு லெஹுவா திட்டம் இருக்கிறது. மதிப்பெண் மட்டும் பார்த்தால் வெளியே நின்றிருக்கக்கூடியவர்களை, தீவுகளின் எளிய சமூகங்களோடு அவர்களுக்கு உள்ள பிணைப்பைப் பார்த்து உள்ளே எடுக்கும் திட்டம்.

தெற்கில் கதை வேறு. வரலாற்றுக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் லா ஸ்கூல்கள் இன்று ஆறு: வாஷிங்டன் டி.சி.யில் ஹோவர்டும் கொலம்பியா மாவட்டப் பல்கலைக்கழகமும், டர்ஹமில் நார்த் கரோலினா சென்ட்ரல், பேட்டன் ரூஜில் சதர்ன், ஹூஸ்டனில் டெக்சஸ் சதர்ன், ஒர்லாண்டோவில் புளோரிடா ஏ அண்ட் எம். தெற்கில் உள்ள நான்கும் ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்குப் பிரிவினைதான் காரணம். ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் 1946-இல் ஆஸ்டினுக்கு விண்ணப்பித்தபோது, அவரை உள்ளே விடாமலிருக்க டெக்சஸ் அரசு தனியாக ஒரு லா ஸ்கூலையே, இன்றைய டெக்சஸ் சதர்னின் முன்னோடியை, உருவாக்கியது. 1950-இல் உச்ச நீதிமன்றம் ஸ்வெட்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டல்லஹாசியில் இருந்த புளோரிடா ஏ அண்ட் எம் லா ஸ்கூல் 1968-இல் மூடப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பு அதே ஊரில் புளோரிடா ஸ்டேட்டுக்கு லா ஸ்கூல் திறந்தாகிவிட்டது. கறுப்பினப் பள்ளி மறுபடி திறக்க 2002 ஆயிற்று. இன்று இந்த நான்கும் அரசுப் பள்ளிகள். மாநிலவாசிக்குக் கட்டணம் குறைவு. கடன் வரம்பு வந்த பிறகு அந்தந்த மாநில விண்ணப்பதாரர்கள் இவற்றைப் பட்டியலின் மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

வைப்பதற்கு முன் 509 அறிக்கையைத் திறந்து படியுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த ஒவ்வொரு லா ஸ்கூலும் டிசம்பரில் அதை வெளியிட வேண்டும். எல்லோரும் மீடியன் எல்சாட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதில் சிறுபான்மையினர் பார்க்க வேண்டியது, முதலாண்டில் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று இனவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை. அடுத்தது நிபந்தனை ஸ்காலர்ஷிப்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு மதிப்பெண் குறைந்ததால் பறித்தார்கள். வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் தேர்ச்சி எவ்வளவு என்பது தனி அறிக்கையாக வரும். படித்து முடித்து இரண்டாண்டுக்குள் 75 விழுக்காட்டினர் தேறியாக வேண்டும் என்பது அங்கீகார விதி. 75-ஐ ஒட்டி நிற்கும் பள்ளி என்றால், எந்த மாநிலத் தேர்வு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கலிபோர்னியாவின் பிரெஸ்னோ, பேக்கர்ஸ்பீல்டு பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அந்தப் பகுதியில் அமெரிக்க வழக்கறிஞர் சங்க அங்கீகாரம் பெற்ற லா ஸ்கூல் கிடையாது. பிரெஸ்னோவை ஒட்டிய க்ளோவிஸில் உள்ள சான் வாகின் காலேஜ் ஆஃப் லா மாநில அங்கீகாரம் மட்டும் பெற்றது. வீட்டிலிருந்தே, வேலை பார்த்துக்கொண்டே படித்து, அங்கேயே தொழில் செய்யப் போகிறவருக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான மற்ற மாநிலங்களில் அந்தப் பட்டத்தோடு பார் தேர்வு எழுத விடமாட்டார்கள். சேர்வதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம்.

இப்போது கட்டுரை. 2023 தீர்ப்பே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று விண்ணப்பதாரர் எழுதினால், அதை அவருடைய குணத்தோடும் திறமையோடும் இணைத்துப் பள்ளி பார்க்கலாம். ஊர் இங்கே பெரிய துணை. இனத்தைப் பொதுவாகப் பேசினால் தட்டையாகும். இடத்தோடு சேர்த்துப் பேசினால் பொருள் கிடைக்கும். “எல்லைப் பகுதியில் ஏழ்மையைப் பார்த்து வளர்ந்தேன், அதனால் நீதி மீது பற்று வந்தது” என்பது ஆயிரம் பேர் அனுப்பும் வரி. அதே பகுதியிலிருந்து வருகிறவர் இப்படி எழுதலாம்:

“நாங்கள் இருந்தது நகர எல்லைக்கு வெளியே, கொலோனியா என்று சொல்லப்படும் வசதியற்ற குடியிருப்பில். மனையை என் அப்பா தவணையில் வாங்கினார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும் என்பதை அவருக்கு ஸ்பானிஷில் படித்துச் சொன்னது நான்தான். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. நகரமன்ற அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்க்கு மனுக் கொடுத்தபோது, இடம் உங்கள் பெயரில் இல்லையே என்றார்கள்.”

இதில் இனம் என்ற சொல்லே இல்லை. மொழி, சொத்துச் சட்டம், அந்த மண், எழுதியவரின் திறமை நான்கும் இருக்கின்றன. படிக்கும் தேர்வாளருக்குக் கேட்க ஒரு கேள்வியும் கிடைக்கிறது. ஆனால் ஒன்று: நடக்காததை எழுதாதீர்கள். அந்தப் பகுதியைத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் முதல் வரியிலேயே பிடிபடும். விண்ணப்பத்தில் பொய் என்று பின்னால் தெரிந்தால், பார் அனுமதிக்கான நன்னடத்தை விசாரணையிலும் அது எழும்.

வேலை, செலவு, தேர்வு மையத் தூரம் போன்ற வறண்ட விவரங்களைக் கட்டுரைக்குள் திணிக்க வேண்டாம். அதற்கென்று ஒரு சிறு இணைப்பு, ஐந்தாறு வரி போதும். “இளங்கலையில் வாரம் 25 மணி நேரம் வேலை பார்த்தேன், ஒரு வழிப் பயணம் 70 நிமிடம், இரண்டாம் ஆண்டு ஜிபிஏ குறைந்தது அதனால்” என்று தேதியோடும் எண்ணோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, வயோமிங், டகோட்டா, நெப்ராஸ்கா வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நாட்டின் மாவட்டங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் ஆயிரம் பேருக்கு ஒரு வழக்கறிஞர்கூட இல்லை என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2020-இல் கணக்கிட்டது. அந்த வெற்றிடத்தில் வேலை செய்ய உண்மையில் மனமிருப்பவருக்கு அங்கே வரவேற்பு உண்டு. சவுத் டகோட்டா 2013-லிருந்து, கிராமப்புற மாவட்டத்தில் ஐந்தாண்டு தொழில் செய்ய ஒப்புக்கொள்ளும் வழக்கறிஞருக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை தருகிறது. நெப்ராஸ்காவில் சாட்ரன், வெய்ன், கெர்னி ஆகிய சிறிய ஊர்களில் இளங்கலை படிக்கும்போதே மாணவர்களைப் பிடித்து லா ஸ்கூலுக்கு வழி போடும் திட்டம் இருக்கிறது. இறைச்சிக்கூட வேலைக்கு வந்து தங்கிவிட்ட லத்தீனோ குடும்பங்கள் நெப்ராஸ்காவின் சிறு நகரங்களில் நிறைய. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாநிலத்தின் மீது பிணைப்பு என்பது கட்டுரைக்காகத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து போகிறவர் அங்கே ஒரு கோடைப் பயிற்சியோ, உறவினரோ, ஒரு சட்ட உதவி அமைப்போடு வேலையோ காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பகுதி பொருந்தும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது) வளர்ந்த பிள்ளைகளுக்கு 21 வயதில் அந்த விசா முடிகிறது. லா ஸ்கூலில் சேரும் வயது பெரும்பாலும் 22. கிரீன் கார்டு வராமல் எப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், பத்தாண்டு அதே வீட்டில் இருந்தவராயினும் பல மாநிலங்களில் ரெசிடென்சி கோருவது சிக்கலாகும். கூட்டரசுக் கடனும் கிடையாது. சில மாநிலங்கள் அங்கேயே உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களுக்கு விலக்குத் தருகின்றன, ஆனால் எந்தெந்த விசாக்காரர்களுக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இருபதாவது பிறந்தநாளுக்கு முன்பே, மாநில விதியைக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழக ரெசிடென்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை அடுத்த ஆண்டு யாரும் ஏற்க மாட்டார்கள்.